அதிபரின் கைமுதல்: இலங்கையில் வாக்கும் விலைவாசியும்

2019 நவம்பரில் இலங்கை அதிபர் தேர்தலில் நின்ற அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 3.16 விழுக்காடு வாக்கு. 2024 செப்டம்பர் 21-இல் அதே மனிதருக்கு 42.31 விழுக்காடு. பாதியைத் தாண்டாததால், அந்நாட்டில் அதிபர் தேர்தல் தொடங்கிய 1982-க்குப் பிறகு முதன்முறையாக இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணித்தான் முடிவு சொன்னார்கள். இரண்டு மாதம் கூட ஆகவில்லை. நவம்பர் 14-இல் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159-ஐ அள்ளிக்கொண்டது. விகிதாசார முறை வந்த பிறகு எந்தக் கட்சியும் இப்படி வென்றதில்லை.

அதற்குப் பிறகு கொழும்பில் நடக்கும் சண்டைதான் வேடிக்கையானது. வழக்கமாக எதிர்க்கட்சிக்காரர் ஆளுங்கட்சியின் பொருளாதாரக் கொள்கையைத் திட்டுவார். இங்கே முன்னாள் அதிபர் ரணில் விக்கிரமசிங்கவின் ஆதரவாளர்கள், “இது எங்கள் கொள்கை, அதைத்தான் அவர் நடத்துகிறார்” என்கிறார்கள். அதிபரின் பழைய தோழர்களில் ஒரு பிரிவினர், முன்னிலை சோஷலிசக் கட்சிக்காரர்கள், “அதனால்தான் திட்டுகிறோம்” என்கிறார்கள். நேற்று வரை சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளைச் சாடிக்கொண்டிருந்த அதிபரின் கட்சிக்காரர்களோ, அந்த நிபந்தனைகளுக்குள் நின்று ஆட்சி நடத்த வேண்டியதன் அவசியத்தை மேடை போட்டு விளக்குகிறார்கள். மூன்று தரப்பும் இடம் மாறி உட்கார்ந்த விவாதம் இது.

சாத்தான்குளத்தில் உட்கார்ந்து இதைப் பேசுவானேன் என்று கேட்பவர், இந்த வட்டாரத்துப் பழைய வீடுகளில் கொழும்புக் கடைப் பேச்சு எவ்வளவு சாதாரணமாக அடிபடும் என்பதை மறந்திருக்க வேண்டும். நாசரேத், திசையன்விளை, உடன்குடி என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கப்பலேறிப் புறக்கோட்டையில் கடை வைத்தவர்கள் ஏராளம். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கம்பெனி ஓட்டிய கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில்தான் ஓடியது. வெங்காயமும் வற்றலும் ஏற்றிய தோணிகளின் கணக்கு கொழும்பு ரூபாயின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்தே ஓடியது. 2022-இல் அந்த நாடு பட்டினியின் விளிம்புக்குப் போனபோது தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்தும் அனுப்ப முடிவு செய்தது. முதல் கப்பல் சென்னையிலிருந்து போனது. ஜூனில் அடுத்த கப்பல் வ.உ.சி. துறைமுகத்திலிருந்தே புறப்பட்டது. அக்கரையின் விலைவாசி இக்கரைக்கு வெளிநாட்டுச் செய்தி அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குடியரசுத் தலைவர் என்றதும் நம் மனதில் வருவது கையெழுத்துப் போடும் கௌரவப் பதவி. 1978 அரசியலமைப்பின்படி இலங்கையில் அப்படியில்லை. அதிபரே ஆட்சியின் தலைவர், அமைச்சரவை அவருடையது. இப்போதைய அதிபர் நிதித்துறையையும் தம் கையிலேயே வைத்திருக்கிறார். ஆகவே தேங்காய் விலை ஏறினாலும் மின்கட்டணம் இறங்கினாலும் வேறு யார் தலையிலும் போட முடியாது.

தேர்தலில் கிடைக்கும் செல்வாக்கை ஒரு கடைக்காரரின் கைமுதலாக நினைத்துப் பார்த்தால் இந்த விவாதம் கொஞ்சம் தெளியும். கைமுதல் எவ்வளவு என்று எண்ணிக்கொண்டிருப்பது ஒரு வேலை. அதை எந்தச் சரக்கில் போட்டார் என்று பார்ப்பது வேறு வேலை. இலங்கைக் கட்சிகள் முதல் வேலையை மட்டுமே செய்கின்றன. வாக்கு ஏறியதா இறங்கியதா என்றே கேட்கிறார்கள். இந்தச் சொற்பொழிவு பேசப்போவது இரண்டாவதை.

அந்த நாட்டில் வாக்கையும் அரிசியையும் பிரிக்கவே முடியாது. 1953-இல் நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன மானியச் சுமையைக் குறைக்க நினைத்து, 25 சதமாக இருந்த ஒரு கொத்து பங்கீட்டு அரிசியை 70 சதமாக்கினார். கணக்குப்படி அவர் செய்ததில் நியாயம் இருந்தது. கொரியப் போர்க்காலத்து ரப்பர் விலை இறங்கிக் கருவூலம் காலியாகிக்கொண்டிருந்தது. ஆனால் ஆகஸ்ட் 12-இல் இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தால் நாட்டையே நிறுத்தியது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவியை விட்டார். முந்தின ஆண்டுதான் அமோகமாக வென்று வந்தவர் அவர்.

அந்த அடியை இலங்கை அரசியல்வாதிகள் எவரும் மறக்கவில்லை. 1970 தேர்தலில் இரண்டு கொத்து அரிசி வாக்குறுதியோடு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க, சந்திரனில் இருந்தாவது அரிசி கொண்டுவருவேன் என்று சொன்னதாக இன்றும் கதை சொல்கிறார்கள். 1994-இல் சந்திரிகா குமாரதுங்க மூன்றரை ரூபாய்ப் பாணோடு, அதாவது ரொட்டியோடு, வந்தார். பொருளாதாரக் கொள்கை என்று நூறு பக்கம் அச்சடித்தாலும், வாக்காளர் படித்தது அந்த ஒரு வரியைத்தான்.

சிறிமாவோவின் ஆட்சியைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். தமிழர் நினைவில் அது இரட்டை முகம் கொண்டது. 1973-இன் எண்ணெய் நெருக்கடியோடு உணவுப் பஞ்சம் வந்தது. பாணுக்கு விடியற்காலை வரிசை. உணவகங்களில் வாரத்தில் சில நாட்கள் சோறு பரிமாறத் தடை. அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோனால் வழியில் மறித்துப் பிடித்தார்கள். தெற்கில் மக்கள் அவரை வெறுத்தார்கள். 1977-இல் அவர் கட்சி 168 இடங்களில் எட்டாகச் சுருங்கியது. ஜே.ஆரின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 140. ஆனால் அதே ஆண்டுகளில் இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் செழித்தார். மிளகாயும் சின்ன வெங்காயமும் உருளைக்கிழங்கும் விளைவித்து, கல்வீடு கட்டி, உழவு இயந்திரம் வாங்கினார்.

ஜே.ஆர். வந்ததும் 1977 நவம்பர் வரவு-செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரொனி டி மெல் இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டார். கொழும்பில் கடைகள் நிறைந்தன, கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது, மகாவலி அணைகள் எழுந்தன. யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கு மட்டும் விலை விழுந்தது. கதவு திறந்ததில் சரக்கு ஏற்றி லாபம் கண்டவர்களில் இக்கரை வியாபாரியும் உண்டு என்பதை நாம் சங்கடமில்லாமல் ஒப்புக்கொள்ளலாம். 1982-இல் முதல் அதிபர் தேர்தல் நடந்தபோது யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு விந்தை. தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம் முதலிடம். இரண்டாவதாக வந்தவர், சுமார் 35 விழுக்காடு வாக்கோடு, சிறிமாவோ ஆட்சியில் விவசாய அமைச்சராக இருந்த ஹெக்டர் கொப்பேகடுவ. தமிழர் எதிர்த்த பல்கலைக்கழகத் தரப்படுத்தலையும் 1972 அரசியலமைப்பையும் கொண்டுவந்த ஆட்சியின் அமைச்சருக்கு யாழ்ப்பாணம் அத்தனை வாக்குப் போட்டது என்றால், அது வெங்காயம் போட்ட வாக்கு. இனம் மட்டுமே தமிழரின் வாக்கைத் தீர்மானிக்கிறது என்று எழுதுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்கலாம்.

ஜே.ஆர். தம் கைமுதலை என்ன செய்தார்? கதவு திறந்ததால் வந்த நல்லபெயர் வடிவதற்குள், 1982 டிசம்பர் 22-இல் பொதுஜன வாக்கெடுப்பு நடத்தி, நாடாளுமன்றத் தேர்தலே இல்லாமல் 140 இடங்களையும் அடுத்த ஆறு ஆண்டுக்கு நீட்டிக்கொண்டார். பொருளாதாரத்தில் ஈட்டியதைத் தேர்தலைத் தவிர்ப்பதில் செலவழித்த கணக்கு அது. ஏழு மாதத்தில் 1983 ஜூலை இனக்கலவரம் வந்தது.

இனி 2019. கோட்டாபய ராஜபக்ச 69 லட்சம் வாக்கோடு, 52.25 விழுக்காட்டோடு வந்தவர். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு பாதுகாப்பை நம்பி மக்கள் தந்த வாக்கு. வந்த இரண்டாவது வாரமே வரிகளை வெட்டினார். மதிப்புக் கூட்டு வரி, அங்கே வற் வரி என்பார்கள், 15-இலிருந்து 8 விழுக்காடு. தேசக் கட்டுமான வரி ரத்து. சம்பளத்தில் பிடிக்கும் வரி ரத்து. ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் வியாபாரம் செய்தவர் வற் வரி கட்ட வேண்டும் என்றிருந்ததை 30 கோடியாக உயர்த்தினார்கள். அதாவது கொழும்பின் பெரிய கடைகளிலேயே பாதிப்பேர் வரிப் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம்.

அப்போது கைதட்டாதவர் யார்? தேர்தலுக்கு முன்பே நிதியமைச்சர் மங்கள சமரவீர, இந்த வாக்குறுதியை நிறைவேற்றினால் நாடு திவாலாகும் என்று அறிக்கை விட்டிருந்தார். தோற்கப்போகும் கட்சியின் புலம்பல் என்று ஒதுக்கினார்கள். 2019-இல் நாட்டு உற்பத்தியில் 11.6 விழுக்காடாக இருந்த வரி வருவாய் அடுத்த ஆண்டு 8.1 ஆனது. கொரோனா வந்தது, சுற்றுலா நின்றது. உலக நிறுவனங்கள் நாட்டின் கடன் தரத்தை இறக்கின. 2021-இல் ஒரே இரவில் ரசாயன உரத்துக்குத் தடை. தேயிலையும் நெல்லும் விழுந்த பின் நவம்பரில் தடையை விலக்கினார்கள். 2019 முடிவில் 760 கோடி டாலராக இருந்த அன்னியச் செலாவணி, 2022 வசந்தத்தில் கைக்கெட்டும் பணம் ஐந்து கோடி டாலர் கூட இல்லை என்ற நிலைக்கு வந்தது. மார்ச்சில் தனுஷ்கோடிக் கரையில் முதல் குடும்பங்கள் இறங்கின. போருக்குத் தப்பியல்ல, பால்மா விலைக்குத் தப்பி. ஏப்ரல் 12-இல் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. ஜூலை 9-இல் மக்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்தார்கள். 13-இல் அவர் நாட்டைவிட்டுப் பறந்தார். சமரவீர அதைப் பார்க்கவில்லை. 2021 ஆகஸ்டில் கொரோனாவில் இறந்திருந்தார்.

இந்த விவகாரம் கடைசியில் நீதிமன்றம் வரை போனது. 2023 நவம்பர் 14-இல் இலங்கை உச்ச நீதிமன்றம், கோட்டாபய, மகிந்த, பசில் ஆகிய ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கி, கருவூல உயரதிகாரிகள் சிலரும் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஒரு நாட்டின் வரிக் கொள்கையை நீதிபதிகள் சரி தவறு சொல்ல வேண்டுமா என்பது தனி வழக்கு. ஆனால் பெரும்பான்மை வாக்கு பெற்ற கொள்கை என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

ரணில் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2022 ஜூலை 20-இல் நாடாளுமன்றத்தின் 134 வாக்கில் அதிபரானார். 2023 மார்ச்சில் நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டாலர் திட்டத்தை வாங்கினார். மின்கட்டணத்தை இரண்டு தவணையில் ஏற்றினார், முதலில் சராசரி 75 விழுக்காடு, பிறகு 66. வற் வரியை 18-க்குக் கொண்டுபோனார். எழுபதைத் தொட்டிருந்த பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. பெட்ரோல் வரிசை மறைந்தது. வரிசையை மறையவைத்தவருக்கு மக்கள் தந்தது 17 விழுக்காடு வாக்கு, மூன்றாமிடம். நன்றி கெட்டவர்கள் என்று அவர் கட்சியார் சொன்னார்கள். உலக வங்கிக் கணக்கில் நாலில் ஒருவர் வறுமைக்குள் விழுந்துகிடந்த நாட்டில், கடன் தந்தவரோடு சமாதானமும் கறிச்சட்டியோடு சண்டையுமாக ஒரு மீட்சி நடந்தால் வாக்கு அப்படித்தான் வரும். ரணிலுக்குக் கைமுதலே கிடையாது; மக்கள் தராத பதவியில் உட்கார்ந்து அடுத்தவர் கைமுதலில் நடத்திய கடை அது.

அந்தத் திட்டத்தை மறுபேச்சுக்கு உட்படுத்துவேன், கடன் தாங்குதிறனை நாமே வேறு விதமாகக் கணக்கிடுவோம் என்று சொல்லித்தான் திசாநாயக்க வந்தார். வந்தபின் மத்திய வங்கி ஆளுநர் நந்தலால் வீரசிங்கவை மாற்றவில்லை. ரணில் காலத்தில் முடிந்திருந்த கடன் பத்திரப் பேச்சை அப்படியே ஏற்று, 2024 டிசம்பரில் சுமார் 1,250 கோடி டாலர் பத்திரங்களை மாற்றிக் கொடுத்தார். வட்டிச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் ஆண்டுக்கு நாட்டு உற்பத்தியில் 2.3 விழுக்காடு மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்படியே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமர் போன்றோர், மக்கள் இவ்வளவு பெரிய ஆணை தந்தும் கடன்காரரோடு கடுமையாகப் பேசாமல் விட்டது பெரும் பிழை என்று எழுதுகிறார்கள். அந்தக் குற்றச்சாட்டில் எடை உண்டு. பதவிக்கு வந்த முதல் மூன்று மாதத்தில் இருந்த பலம் எந்த அதிபருக்கும் திரும்ப வருவதில்லை.

இதே நெருக்கடியில் கிரேக்கத்தில் ஒருவர் சிக்கினார். 2015 ஜனவரியில் கடன்காரரை எதிர்த்து வென்ற அலெக்சிஸ் சிப்ராஸ், ஜூலை 5-இல் மக்களிடமே கேட்டு 61 விழுக்காடு ‘வேண்டாம்’ வாங்கினார். ஒரு வாரத்தில் அதைவிடக் கடுமையான நிபந்தனையில் கையெழுத்திட்டார். செப்டம்பரில் மறுபடியும் வென்றார்! வாக்குத் தவறியவரை மக்கள் உடனே தண்டிப்பதில்லை. வேறு வழியில்லை என்று நம்பினால் பொறுக்கிறார்கள். 2019-இல் தோற்கடித்தார்கள்.

திசாநாயக்கவின் வித்தியாசம், அவர் செல்வாக்கைப் பொறுமை வாங்குவதில் போடுகிறார் என்பது. கோட்டாபய 69 லட்சம் வாக்கை வரிச் சலுகையாகத் திருப்பிக் கொடுத்துத் தீர்த்தார். இவர் அதை வைத்து வரியைக் கட்ட வைக்கிறார். சலுகையும் தந்தார்: 2025 பிப்ரவரி வரவு-செலவுத் திட்டத்தில் மாதம் ஒரு லட்சம் ரூபாய் வரை இருந்த வருமான வரி விலக்கை ஒன்றரை லட்சமாக்கினார். அரசு ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000-ஆகப் படிப்படியாக உயர்த்துவதாகச் சொன்னார். அதற்குப் பணம்? 2020 முதல் பூட்டியிருந்த வாகன இறக்குமதியைத் திறந்து, கார் வாங்குகிறவரின் வரியில் கருவூலத்தை நிரப்பினார். அரிவாள் சுத்தியல் கொடிபிடித்து வந்தவர்களுக்கு ஜப்பான் கார்கள் கைகொடுத்ததை எதிர்க்கட்சிகள் நையாண்டி செய்யாமல் விட்டால்தான் ஆச்சரியம்.

மின்சாரத்தில் இந்தக் கயிற்று நடை அப்பட்டமாகத் தெரிந்தது. மூன்றில் ஒரு பங்கு குறைப்போம் என்பது தேர்தல் வாக்கு. 2025 ஜனவரியில் ஒழுங்குமுறை ஆணைக்குழு 20 விழுக்காடு குறைத்தது. பட்டாசு வெடிக்காத குறை. விற்கும் விலை செலவைக் கட்ட வேண்டும் என்று நாணய நிதியம் நினைவூட்டியது. ஜூனில் 15 விழுக்காடு ஏறியது. அதே கோடைக்கு முன் தேங்காய் 200 ரூபாயைத் தாண்டி, அரிசி ஆலைக்காரரோடு மல்லுக்கட்டி, கடைசியில் இந்தியாவிலிருந்து அரிசி இறக்க வேண்டியிருந்தது. விவசாய நாட்டில் ஆலைக்காரரை அடக்க முடியாத அரசா என்று கேட்ட கேள்வி கட்சி தாண்டி எல்லோருக்கும் பிடித்தது.

அப்படியும் செல்வாக்கு முற்றாகக் கரையவில்லை. வெரிட்டே ரிசர்ச் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 2022 நடுவில் அரசை ஏற்றவர்கள் 3 விழுக்காடு; 2024 ஜூலையில் 24; 2025 பிப்ரவரியில் 62. ஆனால் மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் கட்சியின் வாக்கு 61-இலிருந்து 43 விழுக்காட்டுக்கு இறங்கியது. எதிர்க்கட்சிகள் ‘சரிவு’ என்றன. ஆளுங்கட்சி, பெரும்பாலான சபைகளில் நாங்களே முதலிடம் என்றது. இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்துச் சொன்ன பத்திரிகைதான் குறைவு.

வடக்கில் அந்த இறக்கத்துக்குக் காரணம் வேறு. 2024 செப்டம்பரில் எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசவுக்கும் தமிழ்ப் பொது வேட்பாளருக்கும் வாக்குப் போட்ட யாழ்ப்பாணம், நவம்பரில் ஆறில் மூன்று இடத்தை ஆளுங்கட்சிக்குத் தந்து எல்லோரையும் திகைக்க வைத்தது. இந்தியாவுக்கு எதிராகவும் மாகாண சபைக்கு எதிராகவும் 1987-இல் ஆயுதம் எடுத்த இயக்கத்தின் வாரிசுக்கு அந்த வாக்கு. ஊழல் இல்லாத ஆட்சி, புதிய முகம் என்று இளைஞர்கள் போட்டது. அரை ஆண்டுக்குள், வடக்கின் காணிகளுக்கு உரிமை கோரச் சொல்லி அரசிதழ் அறிவிப்பு வந்தது. கோராவிட்டால் அரசுக்குப் போகும் என்ற அச்சம் கிளம்பியது. மே மாதத்தில் யாழ்ப்பாணம் தமிழரசுக் கட்சியிடம் திரும்பியது. அறிவிப்பைப் பிறகு விலக்கிக்கொண்டார்கள். பொருளாதாரத்தால் ஈட்டிய வாக்கைக் காணியால் இழந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 1982-இல் வெங்காயம் செய்ததை 2025-இல் நிலம் மாற்றி எழுதியது.

மலையகத்தில் விவாதம் இன்னும் நேரடியானது. 1,350 ரூபாயாக இருந்த தோட்டத் தொழிலாளரின் நாட்கூலியை 1,750 ஆக்கும் திட்டத்தை 2025 நவம்பர் வரவு-செலவுத் திட்டம் அறிவித்தது. அதில் 200 ரூபாய் அரசு தரும் வருகை ஊக்கத்தொகை. தனியார் கம்பெனியின் கூலியை மக்கள் வரிப்பணத்தில் ஏன் கட்ட வேண்டும் என்று எதிர்க்கட்சி கேட்டது. கேள்வி சட்டப்படி சரி. இருநூறு ஆண்டு அவர்கள் உழைப்பில் கட்டிய நாட்டின் கருவூலத்திலிருந்து அவர்களுக்கு நேராக 200 ரூபாய் போவதில் என்ன குறை என்று மலையகத்துக்காரர் திருப்பிக் கேட்டால் பதில் சொல்வது கடினம். அந்த மாத முடிவிலேயே டிட்வா புயல் மலைச்சரிவுகளைத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்கள்மேல் கொண்டுவந்தது; நாடெங்கும் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கணக்குப் புத்தகத்தில் மிச்சம் பிடித்த பணம் வீடு கட்டவும் பாலம் போடவும் போக வேண்டியதாயிற்று.

தூத்துக்குடிக்காரர் கேட்கும் கேள்வியும் ஒன்று உண்டு. கடல் விஷயத்தில் இந்த அதிபர் முந்தியவர்களைவிட மென்மையாக இல்லை. அவருடைய மீன்பிடி அமைச்சர் இராமலிங்கம் சந்திரசேகர் ஒரு தமிழர். இழுவைமடிக்கு எதிராக அவர் பேசுவது வடக்கு மீனவருக்காகவே. தருவைக்குளம் படகுகள், இவர் பதவிக்கு வருமுன்பே, 2024 ஆகஸ்டில் பிடிபட்டு அங்கே கோடிக் கணக்கில் அபராதம் போட்டபோது இங்கே கொதிப்பு. யாழ்ப்பாணக் கரையிலோ அறுந்த வலைகளின் கணக்கு. அதிபரின் செல்வாக்கு வடக்குக் கரையில் இந்தக் கண்டிப்பால் கூடும், இக்கரையில் குறையும். இக்கரை அவருக்கு வாக்குப் போடுவதில்லை.

நாணய நிதியத்தின் திட்டம் 2027-இல் முடிகிறது. பிற நாட்டு அரசுகளுக்குக் கட்ட வேண்டிய கடன் தவணைகள் 2028-இலிருந்து வரிசையாக வரும். அடுத்த அதிபர் தேர்தல் 2029-இல். தவணை தொடங்கும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டே வாக்குக் கேட்கும் ஆண்டு. ரணில் தரப்பு அதுவரையுள்ள மாதங்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. சஜித் தரப்பு மின்கட்டண ரசீதைத் தூக்கிக் காட்டத் தயாராக வைத்திருக்கிறது. திசாநாயக்க தரப்பு அதற்குள் அன்னியச் செலாவணியை எவ்வளவு சேர்க்க முடியும் என்று பார்க்கிறது. 2024 முடிவில் அது 610 கோடி டாலராக இருந்தது.